கான்பூரில் உடைத்துப் போட்ட லிபரேட்டர்கள்

லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1945 ஆகஸ்டோடு நிறுத்திவிடுகிறார்கள். போர் முடிந்தது, விமானங்களை உடைத்தார்கள், அலுமினியத்தை உருக்கினார்கள், அவ்வளவுதான். நமக்கு அதன் கதை 1948இல்தான் தொடங்குகிறது. மற்றவர்கள் உடைத்துப் போட்டுவிட்டுப் போன விமானங்களைப் பொறுக்கி எடுத்துச் சரிசெய்து, அடுத்த 20 ஆண்டுகள் இந்திய விமானப் படை பறக்கவிட்டது. உலகில் கடைசியாக லிபரேட்டரைப் படைவேலைக்கு வைத்திருந்த நாடு நம்முடையது. இது நம் பள்ளிப் பாடத்தில் இல்லை. மாதிரி விமானம் கட்டுகிறவர்களுக்குக் கிடைக்கும் வரைபடங்களிலும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டுக்காரன். பாலாற்றுப் பாலத்துக்குப் போகிற சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே வீடு. தாத்தாவும் அப்பாவும் குழித்தறியில் உட்கார்ந்தவர்கள். நான் புடவைக்கு டிசைன் போடுகிறேன். ஒரு காலத்தில் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து ஜக்கார்டு அட்டை குத்தக் கொடுத்தேன், இப்போது அதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்கிறேன். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்தபோது மாதிரி விமானம் கட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் இன்றுவரை விடவில்லை. மொட்டை மாடிக் கொட்டகையில் இப்போது 12இல் 1 பங்கு அளவில் ஒரு லிபரேட்டர் வளர்ந்துகொண்டிருக்கிறது. ரேடியோவால் இயங்குவது, நான்கு மோட்டார், இறக்கை நுனிக்கு நுனி 2.8 மீட்டர். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அமெரிக்கா விமானமா?" பிறந்தது அங்கேதான். என் கொட்டகையில் இருப்பது இந்திய விமானம்.

முதல் லிபரேட்டர் 1939 டிசம்பர் 29 அன்று கலிபோர்னியாவின் சான் டியாகோவில் பறந்தது. கட்டியது கன்சாலிடேட்டட் நிறுவனம். அமெரிக்க ராணுவம் வைத்த பெயர் பி-24. இறக்கை 110 அடி, உடல் 67 அடி, தலைக்கு 1,200 குதிரைத்திறனில் நான்கு ட்வின் வாஸ்ப் இன்ஜின்கள். முழுச் சுமையோடு கிளம்பினால் எடை 29 டன்னைத் தொடும். டேவிட் டேவிஸ் என்பவர் வடிவமைத்த நீண்டு ஒடுங்கிய இறக்கைதான் அதன் சொத்து. காற்றில் அதிகம் சிரமப்படாமல் வெகுதூரம் போகும். போர்க்காலத்தில் 18,000க்கு மேல் செய்தார்கள். வேறெந்தக் கனரகக் குண்டுவீச்சு விமானமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. ஃபோர்டு கம்பெனியின் வில்லோ ரன் ஆலையில் உச்சக்கட்டத்தில் ஏறக்குறைய மணிக்கு ஒரு விமானம் வெளியே வந்தது. உள்ளே போனவர்களுக்கு அது வசதியான விமானம் இல்லை. குண்டு வைக்கும் அறையின் நடுவே ஒன்பது அங்குல அகலத்தில் ஒரு நடைபலகைதான் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வழி. கதவுகள் வெளியே திறக்காமல் உடலின் பக்கவாட்டில் மேலே ஏறிக்கொள்ளும். பெட்டி போன்ற உடல், இரட்டை வால், மூக்கின் கீழ் ஒரு சக்கரம். அழகான விமானம் என்று அதை யாரும் சொன்னதில்லை. எனக்கு அழகுதான்.

நம் பக்கத்து வானத்துக்கு அது இரண்டு வேலையாக வந்தது. வங்காளத் தளங்களிலிருந்து பர்மாவிலும் சயாமிலும் குண்டு போடுவது ஒன்று. கடலைக் காவல் காப்பது இன்னொன்று.

முதல் வேலையை மறைத்துவிட்டு இந்த விமானத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது. சயாம் மரண ரயில்பாதை என்று நம்மவர்கள் சொல்லும் பாதையை ஜப்பானியர்கள் போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களை ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பாதை முடிந்த பிறகு அதை உடைக்க நேச நாடுகள் அனுப்பியவற்றில் லிபரேட்டர்களே முக்கியமானவை. 1944 கடைசியிலும் 1945இலும் காஞ்சனபுரி பாலத்தின் மீதும் பாதை நெடுகவும் குண்டு விழுந்தது. கீழே இருந்தவர்களில் போர்க்கைதிகளும் இருந்தார்கள், நம் கூலிகளும் இருந்தார்கள். குண்டுக்கு ஆள் தெரியாது. இந்த விமானத்தை மாதிரியாகக் கட்டுகிறவன் இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டாவது வேலைதான் தமிழ்க் கரையைத் தொட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானம் தாங்கிக் கப்பல்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை பாதி காலியானது. எங்கள் ஊர்ப்பக்கம் வாடகைக்கு வீடு கேட்டு வந்தவர்களைத் தாத்தா கடைசிவரை நினைவு வைத்திருந்தார். "பெரிய மனுஷங்கல்லாம் குடும்பத்தோட வந்து எங்க திண்ணைல உக்காந்தாங்கடா" என்பார். அதன் பிறகு வங்கக் கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடத் தொலைதூர விமானங்கள் வேண்டியிருந்தன. பிரிட்டிஷ் விமானப் படையின் 200ஆம் படைப்பிரிவு 1944இல் லிபரேட்டர்களோடு பரங்கிமலைக்கு வந்தது. இலங்கையில் 160ஆம் படைப்பிரிவு சிகிரியாவிலிருந்தும், பிறகு காங்கேசன்துறையிலிருந்தும், மின்னேரியாவிலிருந்தும் பறந்தது. இன்று பலாலி என்று யாழ்ப்பாணத்தார் சொல்லும் ஓடுபாதை அப்போது காங்கேசன்துறைத் தளம். அங்கிருந்து வங்கக் கடலைத் தாண்டி சுமத்ரா வரை போய்ப் படம் பிடித்தார்கள். மலாயா, சுமத்ரா கரையோரங்களில் கண்ணிவெடி போட்டார்கள். 160ஆம் பிரிவு போன பயணங்களில் மிக நீண்டது 24 மணி நேரத்தை எட்டியது. ஒரு பகலும் ஓர் இரவும் இறங்காமல், கீழே தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லாமல்.

லிபரேட்டரைவிடப் பெரிய பி-29 விமானங்களும் தமிழ் நிலத்திலிருந்து கிளம்பியிருக்கின்றன. 1944 ஆகஸ்ட் 10 அன்று திருகோணமலை சீனக்குடா தளத்திலிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட விமானங்கள் சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலைக்குப் போயின. போகவர சுமார் 6,000 கிலோமீட்டர். தளத்தைவிட்டு அவ்வளவு தூரம் போய்த் தாக்கிய பயணங்கள் அந்தப் போரில் மிகக் குறைவு. அந்தக் கதை தனிக் கட்டுரைக்குரியது.

காஞ்சிபுரத்து நெசவாளிக்குப் போர் இன்னொரு வழியிலும் வந்தது. ஜப்பான் பட்டு நின்றுபோனதும் பாராசூட் துணிக்கு மைசூர்ப் பட்டும் காஷ்மீர்ப் பட்டும் தேவைப்பட்டன. எங்கள் பாவும் ஊடும் வந்துகொண்டிருந்தது அதே மைசூர்ப் பக்கத்திலிருந்துதான். "பட்டு ஆகாசத்துக்குப் போயிடுச்சு, நமக்குப் பருத்திதான்" என்று அப்போது தெருவில் சொல்வார்களாம். தாத்தா அந்த ஆண்டுகளில் பருத்தி நெய்தார்.

இனி கான்பூருக்குப் போவோம். எனக்கு இந்த வரலாற்றில் உயிரான பகுதி அதுதான்.

கான்பூரின் சகேரி விமானதளத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் பெரிய பராமரிப்புக் கிடங்கு இருந்தது. போர் முடிந்ததும் இந்தப் பகுதியில் பறந்த லிபரேட்டர்களைக் கொண்டுவந்து அங்கே வரிசையாக நிறுத்தினார்கள். அந்த விமானங்கள் அமெரிக்கா கடனாகக் கொடுத்தவை. ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுக்க வேண்டும், விலைக்கு வாங்க வேண்டும், அல்லது பயன்படாதபடி அழிக்க வேண்டும். திருப்பி வாங்க அமெரிக்காவுக்கு ஆர்வமில்லை, விலை கொடுக்க பிரிட்டனிடம் பணமில்லை. ஆகவே அழித்தார்கள். கருவிப் பலகைகளைச் சுத்தியலால் அடித்தார்கள். இன்ஜின்களுக்குள் மணலைக் கொட்டினார்கள். கனரக வண்டிகளை விட்டு உடலை இடித்தார்கள். பிறகு கிளம்பிப் போனார்கள். விமானங்கள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன, புல் முளைத்தது.

1947 வந்தது. நாடு பிரிந்தது. விமானப் படையையும் பிரித்தார்கள். காஷ்மீரில் சண்டை தொடங்கியது. புதிய இந்தியாவிடம் தொலைதூரம் போய்வரக்கூடிய கனரக விமானம் ஒன்றுகூட இல்லை. அவசரத்துக்கு டக்கோட்டா சரக்கு விமானத்திலிருந்து குண்டுகளைத் தள்ளிவிட்ட காலம் அது. வெளியே வாங்கப் பணமும் இல்லை, விற்க ஆளும் இல்லை. அப்போதுதான் கான்பூரில் கிடக்கும் குவியலை யாரோ நினைத்துப்பார்த்தார்கள். சுமார் நூறு விமானங்களின் எலும்புக்கூடுகள். 1948இல் அவற்றில் தேறுவதைத் தேற்றும் பொறுப்பு பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துக்கு வந்தது.

வால்சந்த் ஹீராசந்த் 1940 டிசம்பரில் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய ஆலை அது. அதன் வயது அப்போது எட்டுகூட நிரம்பவில்லை. ஆனாலும் அந்த ஆலை வெறுங்கையோடு இறங்கவில்லை. போரின் நடுவில் அமெரிக்க ராணுவம் அந்த ஆலையை எடுத்து, தன் விமானங்களைப் பழுதுபார்க்கும் இடமாக மாற்றியிருந்தது. கடல் விமானமான கேட்டலினாவும் டக்கோட்டாவும் அங்கே வரிசையில் வந்து போயின. லிபரேட்டரின் ட்வின் வாஸ்ப் இன்ஜின்தான் டக்கோட்டாவிலும் கேட்டலினாவிலும் இருப்பது. வகை கொஞ்சம் மாறும், குடும்பம் ஒன்று. அதாவது 14 சிலிண்டர் உள்ள அந்த இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் ஏற்கெனவே பெங்களூரில் இருந்தன. இதைப் புரிந்துகொண்டால்தான் அடுத்து நடந்ததை அதிசயம் என்று சொல்லித் தள்ளாமல் வேலை என்று மதிக்க முடியும். போர்க்காலத்தில் யாருக்கோ செய்த கூலிவேலையில் கற்றதை அந்தத் தொழிலாளிகள் தம் நாட்டுக்குச் செலவழித்தார்கள்.

பெங்களூரிலிருந்து ஆட்கள் கான்பூருக்குப் போனார்கள். ஒரு விமானத்தின் இறக்கை, இன்னொன்றின் வால், மூன்றாவதின் சக்கரக் கால் என்று பொறுக்கினார்கள். மண் விழுந்த இன்ஜின்களைக் கழுவி எடுத்தார்கள். பெங்களூர்வரை ஒரே ஒருமுறை பறந்தால் போதும் என்கிற அளவுக்கு அங்கேயே தட்டிக்கொட்டி ஒட்டினார்கள். பிறகு அதை ஓட்டிப் போக வேண்டும். அப்படி ஓட்டிப் போனவர் நிறுவனத்தின் சோதனை விமானி ஜாம்ஷெட் கைகோபாத் முன்ஷி. ஜிம்மி முன்ஷி என்று அழைப்பார்கள். 42 விமானங்கள் அப்படிக் கான்பூரிலிருந்து பெங்களூர் போய்ச் சேர்ந்தன. தூரம் 1,500 கிலோமீட்டர். மணல் கொட்டிக் கெடுத்த இன்ஜின்கள், இடித்து நிமிர்த்திய உடல், பாதிக் கருவிகள். நான்கு மோட்டாரில் ஒன்று நின்றாலே மாதிரி விமானம் பக்கவாட்டில் இழுக்கும் இழுப்பைக் கட்டுப்படுத்த என் கட்டைவிரல் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். நான் தரையில் நிற்கிறேன், விழுந்தால் மரமும் பசையும்தான் போகும். முன்ஷி உள்ளே உட்கார்ந்திருந்தார்.

பெங்களூரில் முழுப் பழுதுநீக்கம் நடந்தது. முதல் ஆறு விமானங்களோடு 1948 நவம்பரில் 5ஆம் படைப்பிரிவு கான்பூரில் உருவானது. அழித்தாயிற்று என்று கணக்கு எழுதிய அதே ஊர். முன்ஷியின் பெயர் எழுத்தில் இருக்கிறது. ரிவெட் அடித்தவர்கள், தகடு தட்டியவர்கள், இன்ஜினுக்குள்ளிருந்து மணலைத் துடைத்தவர்கள் பெயர் நான் படித்த எந்தப் பக்கத்திலும் இல்லை. எங்கள் ஊரில் சாலைக் கிணற்றுக்கு ஆயிரம் ஆண்டுக் கதை உண்டு. வரதராஜப் பெருமாளுக்கு ராமானுஜர் தண்ணீர் சுமந்த கிணறு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆயிரம் ஆண்டுச் செய்தியைக் காப்பாற்றத் தெரிந்த நமக்கு, பேரன் காலத்திலேயே இந்தப் பட்டறைக்காரர்களின் பெயர் தொலைந்துபோனது எனக்குத் தாங்கவில்லை. புடவையிலும் இப்படித்தான் நடக்கிறது. கடையின் பெயர் பெட்டியில் இருக்கும், கோர்வை போட்ட கையின் பெயர் எங்கும் இருக்காது.

1951இல் புனேயில் 6ஆம் படைப்பிரிவும் லிபரேட்டருக்கு வந்தது. 1957இல் ஜெட் விமானமான கான்பெரா வந்ததும் 5ஆம் பிரிவு அதற்கு மாறிவிட்டது. குண்டு போடும் வேலை ஜெட்டுக்குப் போனது, கடல் காவல் 6ஆம் பிரிவின் லிபரேட்டர்களோடு தங்கியது. பரங்கிமலையிலும் காங்கேசன்துறையிலும் பிரிட்டிஷ்காரர்கள் செய்த அதே வேலை, இப்போது நம் விமானிகள் கையில். 1968 வரை செய்தார்கள். கட்டும்போது சில ஆண்டுகள் உழைத்தால் போதும் என்று நினைத்துக் கட்டிய விமானம், உடைபட்டு எழுந்து, இருபது மழைக்காலம் கடல் உப்பில் பறந்தது.

அந்தக் கடல் காவல் வேலை எங்கள் தலைக்கு மேலேயே வந்து சேர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஏர் இந்தியா ஓட்டி முடித்த சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்கள் 6ஆம் பிரிவுக்கு வந்திருந்தன. 1976இல் கடல் காவல் முழுவதும் கடற்படைக்கு மாறியபோது அந்த விமானங்களோடு கோவாவில் கடற்படையின் 312ஆம் படைப்பிரிவு தொடங்கியது. 1988இல் அதற்கு ரஷ்யாவின் டுபோலெவ் 142 வந்தது. 1992 மார்ச்சில் எங்களுக்குப் பக்கத்து அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம் தொடங்கப்பட்டதும் அந்தப் பிரிவு அங்கே குடிவந்தது. அரக்கோணத்து ஓடுபாதையும் இரண்டாம் உலகப் போரில் முளைத்ததுதான்; நடுவில் பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. இப்போது 4 கிலோமீட்டருக்கு மேல் நீளம்.

டுபோலெவ் 142 ஒரு கனரகக் குண்டுவீச்சு விமானத்தின் பிள்ளை. ரஷ்யாவின் டுபோலெவ் 95இலிருந்து கடல் வேலைக்காக மாற்றியது. நான்கு இன்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பெல்லர்கள். காஞ்சிபுரத்தில் தொண்ணூறுகளில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். ஜெட்டின் கூச்சல் இல்லை, அடித்தொண்டையிலிருந்து வரும் முனகல். தறிக்குழிக்குள் கால் வைத்திருந்தால் மிதிபலகை வழியாக உள்ளங்காலில் தெரியும். அப்பா நாடாவை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்ப்பார். அது எங்கிருந்து வந்த விமானம், யார் பார்த்த வேலையை இப்போது பார்க்கிறது என்று தேடிப் போனபோதுதான் நான் லிபரேட்டரில் போய் நின்றேன். 2017 மார்ச்சில் டுபோலெவ் 142க்கு ஓய்வு கொடுத்தார்கள். 2013 முதலே வந்துகொண்டிருந்த பி-8ஐ ஜெட்கள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன.

இனி மாதிரிக்கு வருகிறேன். மாதிரி கட்டுவது விளையாட்டு என்பார்கள். விளையாட்டுதான், அதே சமயம் ஒரு விமானத்தின் உள்ளே போய்ப் பார்க்கக் கிடைத்த ஒரே வழியும் அதுதான் எனக்கு.

அளவைக் குறைக்கிற கணக்கிலேயே பாடம் இருக்கிறது. நீளம் 12இல் 1 ஆனால் இறக்கைப் பரப்பு 144இல் 1 ஆகும், எடை 1,728இல் 1 ஆகும். 29 டன்னை 1,728ஆல் வகுத்தால் 17 கிலோ. ஆனால் 17 கிலோவில் கட்டினால் அந்தச் சின்ன இறக்கை அதைத் தூக்கும் வேகத்தில் மாதிரி அம்புபோலப் பறக்கும். பெரிய விமானத்தின் நிதானம் இருக்காது. இறங்கும்போது கால் முறியும். அதனால் ஆறேழு கிலோவுக்குள் அடக்க வேண்டும். ஒவ்வொரு கிராமும் கணக்கு. டேவிஸ் இறக்கை இங்கேதான் சோதிக்கும். சராசரி அகலம் 24 சென்டிமீட்டர்தான், நுனியில் இன்னும் குறுகல். வேகம் குறைந்தால் நுனி முதலில் தூக்கும் சக்தியை இழக்கும், ஒரு பக்கம் சட்டென்று சாயும். நுனிப் பக்கத்தின் கோணத்தை உடல் பக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்த்தி முறுக்கி அமைத்தால் இந்தக் குணம் அடங்கும். அந்த முறுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக வர, இறக்கையைப் பலகையில் ஆணியடித்து நிறுத்திய கட்டைகளின் மேல் வைத்துத்தான் கட்டுகிறேன்.

எலும்புக்கு பால்சா மரம். விலை அதிகம், நல்ல தரம் எப்போதும் கிடைக்காது. முக்கியத் தாங்குகட்டைக்கு மூங்கில் சிம்பு போதும், என்.சி.சி. நாளில் கற்றது. உருட்டி வடிவம் கொடுக்க வேண்டிய சின்னச் சின்ன இடங்களில் நெட்டி வைக்கிறேன். தஞ்சாவூர்க்காரர்கள் அதில் கோயில் கோபுரமே செய்கிறார்கள்; எடையே இருக்காது, பிளேடுக்கு வெண்ணெய்யாக வெட்டுப்படும். துப்பாக்கிக் கூண்டுகளின் கண்ணாடிக் குமிழுக்குத் தண்ணீர் பாட்டில். மரத்தில் கடைந்த அச்சைப் பாட்டிலுக்குள் விட்டுச் சூடு காட்டினால் பிளாஸ்டிக் சுருங்கி அச்சைக் கவ்விக்கொள்ளும். மரத்தைக் கடைந்து கொடுத்தவர் எங்கள் தெரு ஆசாரி, தறிக்கு உருளை கடைகிறவர். "இது எந்த சாமிக்கு?" என்று கேட்டார்.

பட்டுக்கும் இதில் இடமுண்டு. லிபரேட்டரின் உடலும் இறக்கையும் உலோகத் தகடு. ஆனால் அசைகிற பகுதிகள், அதாவது இறக்கை ஓரத்து மடல்களும் வாலின் சுக்கான்களும், சட்டத்தின் மேல் துணி போர்த்தியவை. என் மாதிரியிலும் அந்த இடங்களுக்குத் துணிதான். பிளாஸ்டிக் படலம் ஒட்டிச் சூடு வைக்கும் முறை வருவதற்கு முன்பு, உலகமெங்கும் நல்ல மாதிரிகளுக்குப் பட்டும் டோப் என்னும் வார்னிஷும்தான் போர்வை. எங்கள் புடவைப் பட்டு இதற்கு உதவாது. முறுக்கேற்றிய இழை, கனம். முறுக்கில்லாத மெல்லிய பட்டு வேண்டும், பெங்களூரில் கிடைக்கிறது. ஈரமாக்கிச் சட்டத்தின் மேல் விரித்து, பாவு இழை இறக்கையின் நீளவாக்கில் ஓடும்படி இழுத்து, ஓரத்தை டோப்பால் ஒட்ட வேண்டும். காயக் காய அது விறைத்துக்கொண்டு முரசுபோல நிற்கும். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டு, இழை விறைக்கும் பதம் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தப் பதம் கையிலேயே இருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இழுவைக்கு நான்கு பிரஷ்லெஸ் மோட்டார்கள், மின்சாரத்துக்கு இரண்டு லித்தியம் பேட்டரிகள். கட்டுப்பாடு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. மோட்டார்கள் இறக்கைக்கு முன்னே நீட்டிக்கொண்டிருந்தாலும் நீண்ட வால் எடையைப் பின்னுக்கு இழுக்கும். பேட்டரிகளை மூக்குக்குள் தள்ளி வைத்தால்தான் சமநிலைப் புள்ளி இறக்கையின் முன் காற்பகுதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முன்சக்கரக் கால் மெலிந்தது, மணலைத் தாங்காது. பாலாற்றுப் படுகை எங்கள் கண்ணெதிரே அகலமாகக் கிடந்தாலும் அங்கே கையால் வீசும் கிளைடரைத்தான் விட முடியும். லிபரேட்டருக்கு அறுவடை முடிந்து காய்ந்து இறுகிய நிலமோ, மனை போட்டுவிட்டு இன்னும் வீடு கட்டாத லேஅவுட் சாலையோ வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் 25 கிலோவுக்கு மேற்படாத மாதிரி விமானத்தைத் தனியாகச் சொல்கின்றன. கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு போன்றவற்றுக்கு மட்டும், கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் பறக்க வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு உயரம் அனுமதி என்பதை அரசின் வான்வெளி வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பக்கத்தில் ராஜாளி இருக்கிற ஊரில் இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே போவது நம் கடலைக் காக்கிற விமானம்.

1968க்குப் பிறகு உலகம் தன் லிபரேட்டர்களைத் தேடியபோது, தேடி வந்த இடம் இந்தியா. 18,000த்தில் இன்று மிஞ்சியவை மிகச் சில. அதில் ஒரு பெரிய பங்கு கான்பூரில் உடைத்து பெங்களூரில் எழுப்பியவை. அமெரிக்காவில் அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்தில் ஒன்று, கனடாவின் ஒட்டாவாவில் ஒன்று, பிரிட்டனின் விமானப் படை அருங்காட்சியகத்தில் ஒன்று. அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை வாங்கிச் சீர்செய்து 1989இல் மீண்டும் பறக்கவிட்ட விமானமும் நம்மிடமிருந்து போனதே. அழிக்கச் சொன்னவர்களின் அருங்காட்சியகங்களில் இப்போது நாம் அழியாமல் காத்த விமானங்கள் நிற்கின்றன. அங்கே அவை தத்தம் நாட்டின் போர்க்கால நிறத்தில் நிற்கின்றன, அது அவர்கள் உரிமை. இந்திய நிறத்தில் பார்க்க வேண்டுமென்றால் டெல்லி பாலம் விமானப் படை அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். எச்.இ. 924 என்ற எண்ணோடு ஒன்று அங்கே இருக்கிறது.

மாதிரிகளிலும் இதே நிலைமைதான். எனக்கு வந்த வரைபடத்தோடு அமெரிக்க நட்சத்திர ஸ்டிக்கர்களும், மூக்கில் ஒட்டப் பெண் படங்களும் வந்தன. அவற்றை எடுத்து வைத்துவிட்டேன். உடலுக்கு வெள்ளி நிறம், இறக்கையிலும் பக்கத்திலும் மூவர்ண வட்டம், வாலில் மூவர்ணப் பட்டை, எண் 924. எண்ணுக்கான ஸ்டென்சிலைப் புடவை டிசைன் போடும் அதே மென்பொருளில் வரைந்து வெட்டியாயிற்று. வால் சுக்கான்களின் பட்டுக்கு இன்னும் இரண்டு பூச்சு டோப் பாக்கி. மழைக்கால ஈரத்தில் டோப் அடித்தால் வெளுத்துப்போகும் என்பதால் தை பிறக்கக் காத்திருக்கிறேன்.